சம்பந்தி வீட்டு மெட்டு

கனடாவுக்கு நான் போனது பேத்தியின்ரை அரங்கேற்றத்துக்கு. அப்பிடி நினைச்சுக்கொண்டுதான் பிளேன் ஏறினன். "அம்மா, நிலா தன்ரை தாத்தா வீட்டிலை முதல் தரம் எல்லாருக்கும் முன்னாலை வயலின் வாசிக்கப்போறாள், வாருங்கோவன்" எண்டு மகன் குகன் ரெலிபோனிலை சொன்னால் ஒரு மனிசி வேறை என்னத்தை நினைக்கிறது? முதல் தரம், எல்லாருக்கும் முன்னாலை, வயலின். எங்கடை ஆக்களிட்டை உதுக்கு ஒரு பேர்தான் இருக்கு.

ஆனபடியால் பேத்திக்கு ஒரு மயில்கழுத்துப் பட்டுப்பாவாடை, எனக்கு ஒரு பட்டுச்சீலை, குருவுக்குச் சரிகைக்கரை போட்ட பொன்னாடை ஒண்டு. சூட்கேசிலை மிச்ச இடத்துக்கு மிளகாய்த்தூள். எயார்போட்டிலை ஒரு சீருடைப் பெடியன் அந்தப் பொட்டலத்தை விரிச்சு மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். "வேண்டாம் ராசா" எண்டு தமிழிலை சொன்னன். கேக்கேல்லை. பிறகு தும்மித் தும்மி, போ போ எண்டு கையைக் காட்டினான். அவ்வளவு சனமும் வரிசையிலை நிக்க நான் வெளியிலை வந்திட்டன்.

குகன் கட்டினது ஒரு ஐரிஷ் பெட்டையை. மோரா எண்டு பேர். நல்ல பிள்ளை, சத்தம் போடாது. "மாமி, சாப்பாடு", "மாமி, குளிர்" எண்டு இரண்டிரண்டு சொல்லாத் தமிழ் கதைக்கும். அவளின்ரை தகப்பன் ஷேமஸ், என்ரை சம்பந்தி, அயர்லாந்திலை பிறந்து இளந்தாரியா ரொறன்ரோவுக்கு வந்து கூரை மேஞ்சு சீவிச்ச மனிசன். ஆனால் கூரையைப் பற்றி ஒரு சொல் சொல்லார். வயலினைக் கேட்டால் நிப்பாட்டார். அவையள் அதைப் பிடில் எண்டினம். பரம்பரை பரம்பரையா வாற வாசிப்பாம். புத்தகம் இல்லை, ஸ்வரம் எழுதிறது இல்லை, காதாலை கேட்டுக் கையாலை பிடிக்கிறது. அது எனக்குப் பிடிச்சுது. நானும் காதாலை கேட்டுப் படிச்சவள்தான். பள்ளிக்கூடம் எனக்கு அவ்வளவு ஒத்துவரேல்லை.

குகன்ரை வீடு யூனியன்வில்லிலை. தெருவிலை வீடுகள் பல்லுக்கட்டின மாதிரி ஒரே அளவு, ஒரே நிறம். ஆக்களைக் காணேல்லை. வெய்யில் எறிக்குது, சூடு இல்லை. கலண்டர் படத்து வெய்யில்.

"உங்கை ஆக்களும் இருக்கினமோ, இல்லை வீடுகளைத்தான் குடியிருத்தினவையோ?" எண்டு கேட்டன்.

"எல்லாரும் காருக்குள்ளை இருக்கினம் அம்மா" எண்டான் குகன்.

அடுத்தநாள் காலமை நான் குசினிக்குள்ளை போக, மோரா பாண் சுட்டுக்கொண்டு நிக்கிறாள். சோடாப்பூப் போட்டுச் சுடுற கறுத்தப் பாண், சம்பலோடை நல்லாத்தான் போகும். கை பாணிலை, வாய் என்னத்தையோ உருட்டுது. "டிடில் டம் டிடில்டி ஐடில்டி" எண்டு. நிலா, பத்து வயசுப் பிள்ளை, பிறிஜ்ஜோடை சாய்ஞ்சு நிண்டு வயலினிலை அதை இழுத்து இழுத்துப் பாக்குது. எங்கடை டான்ஸ் ரீச்சர்மார் தட்டுக்கழியோடை இருந்து தா தெய் தெய் தா எண்டு சொல்லுறமாதிரிக் கிடந்தது. பிள்ளையைச் சாப்பிடவைக்கத் தாய் செய்யிற பகிடியாக்கும் எண்டு நானும் ஒருக்கா "டிடில் டம்" எண்டன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம்.

"அப்பம்மா, யூ ஆர் ஸோ அவுட்" எண்டாள் நிலா.

தாளத்துக்குத்தான் அவுட் எண்டு அப்ப எனக்கு விளங்கேல்லை.

சனிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போனம். நான் வயலினையும் காவிக்கொண்டு போனன். ஐயர் வயலினைப் பாத்தார், என்னைப் பாத்தார்.

"ஆருக்கு அர்ச்சனை?"

"உதுக்குத்தான்."

"நட்சத்திரம்?"

"வயலினுக்கு எனக்குத் தெரியாது ஐயா. பிள்ளைக்கு உத்தரம்."

மனிசன் சிரிக்காமல் செய்தார். காருக்கும் கொம்பியூட்டருக்கும் செய்து பழகினவராக்கும்.

மோதகம் வாங்கிற இடத்திலை கமலா பிடிச்சிட்டாள். ஊரிலை எங்களுக்குப் பக்கத்து வீடு, இப்ப இஞ்சை மார்க்கம் எண்ட ஊரிலை மாளிகை. "அக்கா, பேத்திக்கு அரங்கேற்றமாம்! எந்த ஹோல்?"

"பெரிய ஹோல்."

"பிரதம விருந்தினர் ஆர்?"

"வெளியிலை சொல்லவேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம்."

"சாப்பாடு?"

"வெள்ளைக்காரச் சாப்பாடு."

அதோடை கமலா கதையை மாத்திப்போட்டாள். சாப்பாடு சரியில்லாத அரங்கேற்றத்துக்கு ஆர் வாறது.

திரும்பிக் காரிலை வரேக்கை குகன் சிரிச்சுச் சிரிச்சு ஸ்ரியறிங்கை ஆட்டுறான். "ஹோலும் இல்லை ஒண்டும் இல்லை அம்மா. மாமா வீட்டு முன்னறை. ஞாயிறு மத்தியானத்திலை கொஞ்சப்பேர் வந்திருந்து வாசிப்பினம். நிலாவைக் கூப்பிட்டால் அவளும் ஒண்டு வாசிப்பாள்."

"கூப்பிட்டாலோ?"

"ஓம். மாமா கூப்பிட்டால்."

எனக்கு முதல் கொதி வந்தது அப்பதான். கூப்பிட்டால் எண்ட ஒரு சொல்லுக்கு ஒரு கிழவியைக் கடல் தாண்டிப் பறக்கவைக்கிறதோ? ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். போட்டோ கேப்பினம். பிள்ளையார் வேறை நான் கமலாவுக்குச் சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பட்டுத்தான் உடுத்தன். நிலாவுக்கும் பாவாடை கட்டி, தலையிலை பூ வைச்சு விட்டன். காலுக்கு அவள் தன்ரை ஓட்டச் சப்பாத்தைத்தான் போடுவன் எண்டு நிண்டாள், அது ஒண்டிலைதான் நான் தோத்தது. சம்பந்தியின்ரை வீடு நகரத்துக்குள்ளை, கிழக்குப் பக்கம். பக்கத்து வீட்டோடை ஒட்டின ஒடுங்கின செங்கல் வீடு. தெருவிலை தண்டவாளத்திலை ஓடுற ராம் வண்டி போகேக்கை அலுமாரிக்குள்ளை கோப்பையெல்லாம் கிலுகிலுக்கும். சம்பந்தி வாசலிலை நிண்டு என்னைப் பாத்துக் கண்ணை விரிச்சார். பிறகு கட்டிப்பிடிச்சார். அவையளுக்குக் கட்டிப்பிடிக்கிறது எங்களுக்குக் கும்பிடுறமாதிரி. நான் மரக்கட்டை மாதிரி நிண்டு வாங்கிக்கொண்டன்.

உள்ளுக்கை கதிரையளை வட்டமாப் போட்டிருக்கு. மோராவின்ரை தமையன் பிரெண்டன் மரப் புல்லாங்குழலோடை, இன்னும் நாலைஞ்சு பேர் வயலினோடை, பெட்டி வாத்தியத்தோடை. எல்லாரும் வட்டத்துக்கு உள்ளுக்குப் பாத்துக்கொண்டு இருக்கினம். வந்த சனத்துக்கு முதுகு. நான் என்ரை சீவியத்திலை இப்பிடி ஒரு கச்சேரி காணேல்லை. ஆருக்கு வாசிக்கினம்? தங்களுக்குத் தாங்களே வாசிக்கினம். தாளத்துக்கு மிருதங்கம் இல்லை, சப்பாத்துக்கால். ஒராள் தொடங்குவார், மற்றவை ஒவ்வொருத்தரா ஏறிக்கொள்ளுவினம். முடிஞ்சால் ஒருத்தரும் கை தட்டுறேல்லை. "கூடாமல் இல்லை" எண்டு ஒருத்தர் சொல்லுவார். குகன் சொன்னான், அதுதான் அவையளின்ரை ஆகப்பெரிய புகழ்ச்சியாம். எங்கடை சனத்துக்கு அப்பிடிச் சொல்லிப் பாருங்கோ, அடுத்த கலியாணத்துக்குக் கூப்பிடமாட்டினம்.

ஆனால் ஒண்டு எனக்குப் பிடிச்சுது. அந்த வீட்டிலை ஒரு மெட்டைத் தொடங்கினவர், முடிஞ்ச உடனை அதை ஆரிட்டை எடுத்தது எண்டு சொல்லோணும். சொல்லாட்டில் சம்பந்தி விடார். "உது ஆரிட்டை எடுத்தனீர்?" எண்டு கேப்பார். "என்ரை சித்தப்பாட்டை" எண்டுவார் ஒருத்தர். "மீன் வித்த ஒரு மனிசனிட்டை" எண்டுவார் இன்னொருத்தர். களவு எடுத்தது ஒண்டும் அந்த அறைக்குள்ளை வரேலாது.

கடைசியாச் சம்பந்தி தன்ரை மெட்டை எடுத்தார். பேர் இல்லாத மெட்டு. "அம்மாவின்ரை மெட்டு" எண்டுதான் சொல்லுறது. உலகத்திலை வேறை ஒரு வீட்டிலையும் இல்லையாம். வாசிச்சு முடிய எல்லாருக்கும் சொன்னார்: "நான் அம்மாட்டை எடுத்தன். பிரெண்டன் என்னட்டை எடுத்தான். இப்ப இந்தக் குட்டியும் என்னட்டை எடுத்திட்டாள், ஒருத்தரும் சொல்லிக்குடுக்காமல், பக்கத்திலை இருந்தே பிடிச்சிட்டாள்." நிலா குனிஞ்சு தன்ரை சப்பாத்தைப் பாத்தாள். பிள்ளை வெக்கப்படுது எண்டு நினைச்சன்.

சம்பந்தி அடுத்த மெட்டைத் தொடங்கிட்டார். இதுதான் நேரம் எண்டு நான் எழும்பினன். குருவுக்கு மரியாதை செய்யாமல் பிள்ளையைக் கூப்பிடுங்கோ எண்டால் எப்பிடிக் கூப்பிடுவார்? முதுகுதானே எனக்குத் தந்திருக்கினம், பின்பக்கத்தாலை போய்ப் பொன்னாடையை விரிச்சுத் தோளைச் சுத்திப் போட்டன். நல்ல நீளப் பொன்னாடை. முழங்கை அதுக்குள்ளை சிக்கி, வில்லு பறந்து பிரெண்டனின்ரை தேத்தண்ணிக்குள்ளை விழுந்துது. மெட்டு பொத்தெண்டு நிண்டுபோச்சு. எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கினம். சம்பந்தியின்ரை முகம் மட்டும் செத்தல்மிளகாய். என்னவோ சொன்னார்.

"நன்றி எண்டு சொல்லுறார் அம்மா" எண்டான் குகன்.

"இல்லை அப்பம்மா" எண்டாள் நிலா. "இவவை ஆர் அவிட்டு விட்டது எண்டு கேக்கிறார்."

அண்டையோடை எனக்கு விளங்கினது, குகனிட்டை மொழிபெயர்ப்புக் கேக்கக்கூடாது, நிலாட்டைத்தான் கேக்கோணும் எண்டு. வில்லின்ரை மயிர் நனைஞ்சுபோச்சு. "குட்டி, உன்னை அடுத்த ஞாயிறு பாப்பம்" எண்டு சொல்லிச் சம்பந்தி வயலினைப் பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டார். பிள்ளை பட்டுப்பாவாடையோடை அவ்வளவு நேரமும் காத்திருந்தது வீண். மரியாதை செய்ததுக்குத் தண்டனையோ? ஒரு கிழமை முழுக்க நான் அந்த மனிசனைத் திட்டினன். தமிழிலை திட்டுறதுக்குக் கனடா நல்ல இடம்.

அண்டைக்கு வெளிக்கிட முதல் கோப்பையளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போனன். மோரா அங்கை. வந்த நேரம் தொட்டு அங்கைதான். "தகப்பன் வாசிக்கிறார், நீ இஞ்சை நிக்கிறாய். உனக்கு உந்தச் சத்தம் பிடிக்காதோ பிள்ளை?" எண்டு கேட்டன்.

"பிடிக்கும் மாமி" எண்டாள். பிறகு கேத்திலைக் காட்டினாள். "தேத்தண்ணி."

கிழமை நடுவிலை ரீச்சர்மாருக்கு ஏதோ கூட்டமாம், பள்ளிக்கூடம் லீவு. நிலாவின்ரை வயலினிலை ஒரு தந்தி அறுந்துபோச்சு. புதுசு வாங்க மோரா என்னையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நிலத்துக்குக் கீழை ஓடுற ரெயினிலை வெளிக்கிட்டாள். நல்லாத்தான் ஓடினது. திடீரெண்டு ஒரு ஸ்ரேசனிலை நிப்பாட்டி, எல்லாரும் இறங்குங்கோ, மேலை பஸ் வரும் எண்டிச்சினம். மேலை ஏறினால், ஒரு ரெயின் சனம் முழுக்க ஒரு பஸ்சுக்குள்ளை ஏறப் பாக்குது. கட்டிடவேலைத் தொப்பி போட்ட ஒரு தடியன், "இந்த நகரத்திலை நடந்து போறவன்தான் முதல் போய்ச் சேருவான்" எண்டு கத்தினான். பருத்தித்துறை பஸ்சிலை கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" எண்டு தள்ளிவிட நிக்கிறமாதிரி நிண்டம். என்ன, இஞ்சை இடிச்சுப்போட்டு "சொறி" எண்டு மன்னிப்புக் கேக்கினம். எங்கடை ஆக்கள் இடிச்சுப்போட்டு எங்களைப் பேசுவினம்.

எனக்குப் பக்கத்திலை ஒரு இளம் தாய். அவளின்ரை கைக்குழந்தை வீரிட்டுக் கத்துது. தாய்க்கும் கண் கலங்கிப்போச்சு. சனம் முகத்தைச் சுளிக்குது. அப்ப மோரா அந்தக் குழந்தையின்ரை காதுப் பக்கம் குனிஞ்சு, "டிடில் டம் டிடில்டி" எண்டு தொடங்கினாள்.

முதல் மெள்ளமா. பிறகு நாக்கு உருளத் தொடங்கிச்சுது பாருங்கோ, வயலின் வில்லு போற வேகம். ஒரு சொல்லும் இல்லை, வெறும் மெட்டு, ஆனால் ஒவ்வொரு வளைவும் தெறிப்பும் துலக்கமாக் கேக்குது. குழந்தை வாயை ஆவெண்டு வைச்சுக்கொண்டு பாக்குது. தொப்பிக்காரத் தடியன்ரை சப்பாத்துத் தாளம் போடுது. எனக்குச் சுருக்கெண்டுது. உது சம்பந்தியின்ரை மெட்டு! அம்மாவின்ரை மெட்டு! ஞாயிற்றுக்கிழமை அந்த மனிசன் வாசிச்சது இரண்டு கட்டம். அது முடிய மோரா நிப்பாட்டேல்லை. மூண்டாவதா ஒரு கட்டம் போனாள். மேலை ஏறி, விழப்போறமாதிரி ஒரு இடத்திலை நிண்டு, விழாமல் திரும்பி வாறது.

தந்தி வாங்கிப்போட்டு ஒரு கோப்பிக் கடையிலை இருந்தம். "எடி பிள்ளை நிலா" எண்டன். "கொம்மாட்டை நான் கேக்கிறன், நீ ஒரு சொல் குறையாமல் மாத்திச் சொல்லு. உந்த மூண்டாம் கட்டம் ஆரிட்டை எடுத்தது?"

மோரா கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு சொன்னாள். சின்னனிலை அவளும் ஒரு குட்டி வயலினோடை அந்த வட்டத்துக்குள்ளைதான் இருந்தவளாம். தாய் செத்தது அவளுக்குப் பன்னிரண்டு வயசிலை. அந்தக் குளிர்காலத்துக்கு அப்பம்மா, சம்பந்தியின்ரை தாய், அயர்லாந்திலை இருந்து வந்து நிண்டவவாம். ஆம்பிளையள் முன்னறையிலை வாசிக்க, மனிசி குசினிக்குள்ளை உருளைக்கிழங்கு சீவிக்கொண்டு வாயாலை வாசிக்கும். அந்த மனிசியின்ரை கையிலை ஒருநாளும் ஒருத்தரும் வயலின் குடுக்கேல்லையாம். அதாலை எல்லாம் வாயிலைதான். மோரா பக்கத்திலை நிண்டு எல்லாத்தையும் பிடிச்சாள்.

"உன்னை வட்டத்துக்குள்ளை இருந்து ஆர் எழுப்பினது?"

"எழும்பு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை மாமி" எண்டு நிலா தாயின்ரை சொல்லைச் சொன்னாள். "அம்மா செத்த பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை, தேத்தண்ணி ஆர் போடுறது எண்டு கேட்டினம். நான் எழும்பினன்."

"பிறகு?"

"பிறகு இருக்கேல்லை."

அப்ப நிலா தன்ரை சொல்லும் ஒண்டு சொன்னாள். "அப்பம்மா, எனக்கு எல்லா மெட்டும் அம்மாதான் தந்தவ. தாத்தா தன்னட்டை எடுத்தது எண்டு நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் அவரின்ரை மெட்டைத்தான் வாசிக்கோணுமாம். முடிய, ஆரிட்டை எடுத்தனி எண்டு கேப்பார். மூண்டாம் கட்டத்தை விட்டிட்டு வாசி, தாத்தாட்டை எண்டு சொல்லு எண்டு அம்மா சொல்லுறா. அந்த ரூமிலை பொய் சொல்லக்கூடாதே."

மோராவுக்கு அது விளங்கிச்சுது. "அவருக்கு வயசு போச்சு மாமி. அவரிட்டை இருக்கிறது உது ஒண்டுதான்" எண்டு இங்கிலீசிலை சொன்னதை நிலா மாத்தித் தந்தாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்திது. சம்பந்தியிலை இருந்த கொதி முழுக்க இந்தப் பக்கம் திரும்பிச்சுது. "அவரிட்டை ஒண்டு இருக்கு. உன்னட்டை என்ன இருக்கு? கேத்திலோ? பிள்ளைக்கு மெட்டையும் குடுத்து, வாய்க்குப் பூட்டும் போட்டுக் குடுக்கிறாயோ? நாளைக்கு உவளும் தேத்தண்ணி போடப் போவாள், உனக்குச் சம்மதமோ?"

நிலா ஒரு சொல் குறைக்காமல் மாத்திச் சொன்னாள். மோரா வாங்கின இனிப்புப் பணிசைத் தொடாமல் கடதாசியிலை திருப்பிச் சுத்தி வைச்சாள்.

சனிக்கிழமை குகன் என்னட்டைத் தனிய வந்தான். மோரா எல்லாம் சொல்லியிருக்கிறாள் போலை. "அம்மா, நாளைக்கு அங்கை நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

"சாப்பிடவோ?"

"பகிடி விடாதேங்கோ. மாமா நல்ல மனிசன். நான் மோராவைக் கேட்டுப் போன நாளிலை இருந்து என்னை ஒருநாளும் பிறத்தியானா நடத்தினதில்லை."

"உன்னை நடத்தினது எனக்குத் தெரியுமடா. சொந்த மகளை நடத்தினதைச் சொல்லு."

அந்த வீட்டிலை எத்தினை ஞாயிற்றுக்கிழமை அவனும் இருந்து தேத்தண்ணி குடிச்சிருப்பான். மோரா கொண்டுவந்து தர, கதிரையிலை இருந்தபடி. அதையும் சொன்னன். காது சிவந்துபோய்ப் போனான்.

அடுத்த ஞாயிறு சம்பந்தி என்னைக் கண்டவுடனை சிரிச்சுக்கொண்டு இரண்டு முழங்கையையும் உடம்போடை ஒட்டிப் பிடிச்சுக் காட்டினார். ஆகலும் நல்ல கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். அவிச்ச உருளைக்கிழங்கு, வெண்ணெய், பண்டி இறைச்சி. நான் கொண்டுபோன மிளகாய்த்தூளை உருளைக்கிழங்கிலை தூவிக் குடுத்தன். முகமெல்லாம் வேர்த்து ஒழுக ஒழுகத் திண்டு, இன்னும் கொஞ்சம் எண்டு கோப்பையை நீட்டினார். உபசரிக்கிற மனிசனோடை கோவமா இருக்கிறது லேசுப்பட்ட வேலையில்லை. ஆனால் நான் விடேல்லை. குசினிப் பக்கம் பாக்கிற நேரமெல்லாம் கோவம் திருப்பி வந்திது. மோரா ஏப்ரன் கட்டிக்கொண்டு அங்கை நிக்கிறாள்.

நாலைஞ்சு மெட்டுப் போக, சம்பந்தி வில்லாலை நிலாவைத் தொட்டார். "குட்டி, நீ ஒண்டு தா. அம்மாவின்ரை மெட்டு."

நிலா சாதாரண களுசானும் சட்டையும்தான். நான் ஒண்டும் உடுத்தி விடேல்லை. கன்னத்தை வயலினிலை வைச்சுத் தொடங்கினாள். முதல் கட்டத்துக்குச் சம்பந்தி சேர்ந்தார், பிரெண்டன் சேர்ந்தான். இரண்டாம் கட்டம். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுறார். ஒருக்கா முழுக்கச் சுத்தி வந்து, இரண்டாம் தரமும் வந்து, முடியப்போற இடத்திலை எல்லாரும் கையை எடுக்கத் தயாராகினம்.

நிலா எடுக்கேல்லை. மேலை ஏறினாள். தனிய.

சம்பந்தி கண்ணை முழிச்சார். விழப்போற இடத்திலை பிள்ளை நிண்டு, விழாமல் திரும்பி வந்து முடிச்சாள். குசினிக்குள்ளை ஓடின தண்ணி நிண்டுபோச்சு.

"உது என்ன?" எண்டார் சம்பந்தி. "ஆரிட்டை எடுத்தனி?"

"அம்மாட்டை" எண்டாள் நிலா.

"உன்ரை அம்மாட்டை மெட்டு இல்லை, குட்டி. நீ என்னட்டை எடுத்தனி. கடைசித் துண்டை எங்கையோ போனிலை பிடிச்சு ஒட்டியிருக்கிறாய்."

நான் வாய் திறக்கக்கூடாது எண்டுதானே சொன்னவை. திறந்தன். "சம்பந்தி, அவள் உங்கை கதவடியிலை நிக்கிறாள். என்னையும் பிள்ளையையும் விட்டிட்டு அவளைக் கேளுங்கோ. இவ்வளவு வருசமாத் தேத்தண்ணி வேணுமெண்டு கேட்ட வாய்தானே, இதையும் கேக்கலாம்."

குகன் நிலத்தைப் பாத்தான். நிலா மாத்திச் சொல்லிப்போட்டாள், ஒண்டும் விடாமல்.

மோரா ஈரக் கையோடை கதவடியிலை நிக்கிறாள். "அது உங்கடை அம்மாவின்ரை மூண்டாம் கட்டம் அப்பா" எண்டாள்.

"என்ரை அம்மாவிட்டை மூண்டாம் கட்டம் இருக்கேல்லை. எனக்குத் தெரியாதே!"

"நீங்கள் இஞ்சை இருந்தியள்" எண்டாள் மோரா. "நாங்கள் அங்கை இருந்தம்."

இதைக் குகன்தான் எனக்கு மாத்திச் சொன்னான். முதல் தரமா, குறைக்காமல்.

உள்ளுக்கை கேத்தில் கூவத் தொடங்கிச்சுது. பிரெண்டன்தான் வாய் திறந்தான். "மோரா, கேத்தில்."

"நீ போய் இறக்கு" எண்டாள்.

பிரெண்டன் எழும்பேல்லை. வந்திருந்தவை ஆளை ஆள் பாத்தினம். கேத்தில் கூவுது, கூவுது. கடைசியிலை குகன் எழும்பிப் போனான். சத்தம் நிண்டுது.

மோரா வட்டத்துக்குள்ளை வந்தாள். ஒரு கதிரையும் ஒருத்தரும் குடுக்கேல்லை, அவள் கேக்கவும் இல்லை. நடுவிலை நிண்டு, கையை ஏப்ரனிலை துடைச்சு, தகப்பனை நேர பாத்துக்கொண்டு தொடங்கினாள். "டிடில் டம்." பஸ்சிலை குழந்தைக்குப் பாடினமாதிரி இல்லை உது. அடிக்கிறமாதிரிக் கிடந்தது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம், மூண்டாம் கட்டம், திருப்பி முதல் கட்டம். நெத்தியிலை நரம்பு புடைச்சுப் போய் நிக்குது. இருபத்தெட்டு வருசமோ முப்பது வருசமோ, அந்த நாக்கு சமையலறையிலை ஓடித் திரிஞ்சது முழுக்க வெளியிலை வருது.

சம்பந்தி எழும்பிப் போகப்போறார் எண்டு நான் நினைச்சன். போகேல்லை. வயலினை எடுத்துத் தோளிலை வைச்சு, மகளின்ரை வாயையே பாத்துக்கொண்டு சேரப் பாத்தார். முதல் இரண்டு கட்டத்திலை பிடிச்சுக்கொண்டு வந்தார். மூண்டாம் கட்டத்திலை வில்லு தடுமாறி நிண்டுபோச்சு. அடுத்த சுத்திலை திருப்பி அந்த இடத்துக்கு வந்தார், திருப்பியும் விட்டார். உதட்டைக் கடிச்சுக்கொண்டு, பிந்திப் பிந்தி, ஓடுற பஸ்சுக்குப் பின்னாலை ஓடுற மனிசன் மாதிரி வாறார். மெள்ளமா எண்டு வில்லை உயர்த்தி ஒருக்காச் சைகை காட்டினார்.

மோரா வேகத்தைக் குறைக்கேல்லை.

"கொஞ்சம் குறை, பிள்ளை" எண்டு நானும் சொல்லேல்லை.